மன்னர் விழும் விதமும் அதன் பிறகு வருவதும்: நான்கு மக்கள் புரட்சிகள்

மன்னராட்சிக்கு எதிரான மக்கள் புரட்சி என்றால் பெரும்பாலோருக்குப் பிரான்ஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். பள்ளியில் படித்த பாஸ்டில் சிறையும் கில்லட்டினும் மனதில் தங்கியிருக்கும். அடுத்தது ரஷ்யா. ஆனால் வரிசை அங்கே முடியவில்லை. 1979இல் ஈரான் மன்னரான ஷா வீழ்ந்தார். 2006இல் நேபாளத்து மக்கள் தெருவில் இறங்கி மன்னரைப் பணியவைத்தார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அங்கே மன்னராட்சியே போய்விட்டது.

1789க்கும் 2006க்கும் நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மதம், மொழி, பொருளாதாரம் எல்லாமே வேறு. அப்படியிருந்தும் இந்த நான்கு அரியணைகளும் சரிந்த கதையைப் படித்தால் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பது போலிருக்கும். சரிந்த பிறகோ நான்கும் நான்கு திசையில் போயின. பிரான்சுக்கு நெப்போலியன் கிடைத்தார். ரஷ்யாவில் ஒரே கட்சியின் ஆட்சி வந்தது. ஈரானில் மதகுருக்களின் ஆட்சி வந்தது. நேபாளம் பல கட்சிகள் போட்டியிடும் குடியரசானது.

ஏன் இப்படி? என் பார்வையில் இதற்கு விடை, அரியணை காலியான அந்த நாளில் யாரிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு தயாராக இருந்தது என்பதில் இருக்கிறது. மன்னரை வீழ்த்தக் கோபம் போதும். அடுத்த ஆட்சியை உருவாக்க ஆட்களும் கிளைகளும் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற தொண்டர்களும் வேண்டும். அது யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கையில் நாடு போகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மன்னர் வீழ்ந்ததெல்லாம் மக்கள் புரட்சி ஆகாது. 1952இல் எகிப்திலும், 1958இல் இராக்கிலும், 1969இல் லிபியாவிலும் மன்னர்களை அகற்றியவர்கள் ராணுவ அதிகாரிகள். மக்கள் கொண்டாடினார்கள் என்பது உண்மை, ஆனால் காரியம் முடிந்த பிறகுதான் தெருவுக்கு வந்தார்கள். 1974 எத்தியோப்பியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வேலைநிறுத்தமும் மாணவர் போராட்டமும் தொடங்கிவைத்ததை ஒரு ராணுவக் குழு தன் கையில் எடுத்துக்கொண்டது. சீனாவில் 1911 அக்டோபர் 10 அன்று வூசாங் நகரப் படைமுகாமில் தொடங்கிய கிளர்ச்சி மாகாணம் மாகாணமாகப் பரவி, நான்கே மாதத்தில் ஆறு வயதுப் பேரரசர் பூயியைப் பதவி விலக வைத்தது. அதிலும் படைவீரர்கள்தான் முன்னால் நின்றார்கள். மக்கள் புரட்சி என்று சொல்ல வேண்டுமானால் தெரு முதலில் வர வேண்டும், ராணுவம் அதற்குப் பின்னால் மனம் மாற வேண்டும்.

கஜானாவும் ரொட்டியும்

பிரான்சில் எல்லாம் கடனிலிருந்து தொடங்கியது. பிரிட்டனைப் பலவீனப்படுத்த அமெரிக்க விடுதலைப் போருக்குப் பதினாறாம் லூயி பணத்தையும் படையையும் வாரி வழங்கினார். அமெரிக்கா விடுதலை பெற்றது, பிரான்ஸ் திவாலாகும் நிலைக்கு வந்தது. 1788 வாக்கில் அரசின் செலவில் ஏறத்தாழ பாதி கடனுக்கும் வட்டிக்குமே போனது. சரி, வரி போடலாம் என்றால் பிரபுக்களுக்கும் திருச்சபைக்கும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்கு இருந்தது. அந்த விலக்கை நீக்கப் பார்த்த அமைச்சர்களை உயர்குடியினரும் அவர்கள் கையிலிருந்த நீதிமன்றங்களும் ஒருவர் பின் ஒருவராக முடக்கினார்கள். வேறு வழியில்லாமல் 1614க்குப் பிறகு கூடவே கூடாத, திருச்சபையார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பேரவையை 1789 மே மாதம் மன்னர் கூட்டினார். புதிய வரிக்கு ஒப்புதல் கேட்டுக் கூட்டிய அவை அது. வந்தவர்களோ ஆறே வாரத்தில் தங்களைத் தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆலங்கட்டி மழையும் விளைச்சல் வீழ்ச்சியும் வந்திருந்தன. பாரிஸ் தொழிலாளி ஒருவரின் கூலியில் பெரும்பகுதியை ரொட்டியே தின்றது. படித்தவர்கள் அரசியல் சட்டம் கேட்ட அதே மாதங்களில் படிக்காதவர்கள் ரொட்டி கேட்டார்கள். இந்த இரண்டு குரலும் ஒரே நேரத்தில் எழுந்ததுதான் அரசுக்கு ஆபத்தானது.

ரஷ்யாவில் கடன் இருந்த இடத்தில் போர் இருந்தது. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். ரயில்கள் எல்லாம் போர்முனைக்கு ஓடியதால் கிராமத்தில் தானியம் கிடக்க, தலைநகர் பெட்ரோகிராடில் ரொட்டிக் கடை வாசலில் மக்கள் பனியில் வரிசையில் நின்றார்கள். 1915இல் ஜார் என்று அழைக்கப்பட்ட ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ் தானே தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றுப் போர்முனைக்குப் போய்விட்டார். அன்று முதல் ஒவ்வொரு தோல்விக்கும் பழி நேரே ஜாரின் தலையில் விழுந்தது.

ஈரான் இந்த வரிசையில் ஒரு விதிவிலக்கு, அதனாலேயே கவனித்துப் படிக்க வேண்டியது. அங்கே கஜானா காலியாக இல்லை, நிரம்பி வழிந்தது. 1973-74இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. அந்தப் பணத்தை ஷா முகமது ரேசா ஒரே மூச்சில் ஆயுதத்திலும் ஆலையிலும் கட்டடத்திலும் கொட்டினார். விலைவாசி எகிறியது. டெஹ்ரானில் வீட்டு வாடகை நடுத்தர வர்க்கத்தாலேயே கொடுக்க முடியாத அளவுக்குப் போனது. நிலம் விட்டு வந்த கிராமத்து இளைஞர்கள் நகரத்தின் ஓரங்களில் குவிந்தார்கள். விலையைக் கட்டுப்படுத்துகிறேன் என்று கடைவீதி வணிகர்களைப் பிடித்து அபராதம் விதித்தார்கள், சிலரைச் சிறையிலும் போட்டார்கள். காலங்காலமாக மசூதிகளுக்குப் பண உதவி செய்துவந்தவர்கள் அந்த வணிகர்கள்தான். அப்படி மன்னர் தன் எதிரிகளுக்குத் தானே நிதி ஏற்பாடு செய்து கொடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆக, வறுமை மட்டுமே புரட்சி கொண்டுவருவதில்லை. வறுமை எல்லா நாட்டிலும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்திருக்கிறது. வாழ்க்கை இப்படித்தான் போகும் என்று மக்கள் போட்டுவைத்திருந்த கணக்கு திடீரென்று தப்பிப்போவதும், அதற்கு இன்னார்தான் காரணம் என்று விரல் நீட்ட ஒரு முகம் இருப்பதும்தான் ஆபத்து. ஒரே மனிதர் எல்லா அதிகாரத்தையும் வைத்திருக்கும் நாட்டில் அந்த முகம் எப்போதும் தயாராக இருக்கிறது.

ராஜா நல்லவர் என்ற நம்பிக்கை

மக்கள் ஆரம்பத்திலேயே மன்னரை வெறுப்பதில்லை. ராஜா நல்லவர், சுற்றி இருப்பவர்கள்தான் கெட்டவர்கள், விஷயம் அவர் காதுக்குப் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வெகுகாலம் நிற்கிறது. 1789இல் பிரான்ஸ் கிராமங்கள் எழுதி அனுப்பிய குறைப் பட்டியல்கள் மன்னர் மேல் அன்பும் மரியாதையும் பொங்க எழுதப்பட்டவை. குடியரசு வேண்டும் என்று அவை கேட்கவில்லை.

இந்த நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு 1905 ஜனவரியின் ரஷ்யாவைப் போல மனதை உலுக்கும் உதாரணம் வேறில்லை. கபோன் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர் குடும்பங்கள் குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தன. கையில் புனிதர் படங்கள், ஜாரின் படம், ஒரு மனு. வேலை நேரத்தைக் குறையுங்கள், நியாயமான கூலி கொடுங்கள் என்று தகப்பனிடம் கேட்பது போலக் கேட்டிருந்தார்கள். ஜார் அன்று அரண்மனையில் இல்லவே இல்லை. படைகள் சுட்டன. பனியில் விழுந்து கிடந்தவர்களோடு அந்த நம்பிக்கையும் விழுந்தது. அதன் பின் ஜார் தூமா என்ற நாடாளுமன்றத்தை அமைக்க ஒப்புக்கொண்டார், ஆனால் தனக்குப் பிடிக்காதபோதெல்லாம் அதைக் கலைத்தார். 1913இல் ரோமனோவ் வம்சத்தின் 300ஆம் ஆண்டு விழாவைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். இன்னும் நான்கே ஆண்டுதான் மீதி இருந்தது.

பிரான்சில் அந்த உடைவு 1791 ஜூனில் வந்தது. மன்னரும் குடும்பமும் மாறுவேடத்தில் எல்லையை நோக்கித் தப்பி ஓடி வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டார்கள். அந்த இரவுக்கு முன்பு மன்னரோடு சேர்ந்தே புதிய பிரான்சைக் கட்டலாம் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். ஓடிப்போகப் பார்த்தவரை நம்பி எப்படி ஓர் அரசியல் சட்டத்தை ஒப்படைப்பது?

நேபாளத்தில் மன்னரை விஷ்ணுவின் அவதாரமாகவே பலர் வணங்கினார்கள். 1990 மக்கள் இயக்கத்துக்கு இணங்கி அதிகாரத்தை விட்டுக்கொடுத்த மன்னர் பிரேந்திராவின் மேல் அன்பு கூடத்தான் செய்தது. 2001 ஜூன் 1 இரவு அரண்மனைக்குள்ளேயே அவரும் அரசியும் குடும்பத்தினரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பட்டத்து இளவரசர் திபேந்திராதான் சுட்டார் என்றது விசாரணை அறிக்கை. மக்களில் பலர் அதை நம்பவில்லை. பின்னர் அரியணை ஏறிய பிரேந்திராவின் தம்பி ஞானேந்திராவை அந்தச் சந்தேகம் கடைசி வரை விடவில்லை.

வதந்தியின் பங்கு எல்லா நாட்டிலும் இருக்கிறது. பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத் ஆஸ்திரியாக்காரி, ரஷ்ய அரசி அலெக்சாந்திரா ஜெர்மன்காரி. இருவரும் சொந்த நாட்டையே எதிரிக்குக் காட்டிக்கொடுப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஷாவைப் பொறுத்தவரை அந்நியர் ஆள் என்பது வெறும் வதந்தியும் இல்லை. 1953இல் மக்கள் செல்வாக்குப் பெற்ற பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்த்து ஷாவைத் திரும்பவும் உட்காரவைத்தது அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் வேலை. ஈரானியர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

சிப்பாய் சுட மறுக்கும் நாள்

நான்கு கதைகளிலும் முடிவு நெருங்குவது ஒரே இடத்தில்தான். கூட்டத்தைப் பார்த்துச் சுடு என்று உத்தரவு வருகிறது, சிப்பாய் தயங்குகிறான்.

1789 ஜூலை 14 அன்று பாஸ்டிலைத் தாக்கியவர்கள் அங்கே இருந்த வெடிமருந்துக்காகத்தான் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். மன்னரின் சொந்தக் காவல் படையைச் சேர்ந்த வீரர்கள் பீரங்கிகளோடு மக்கள் பக்கம் வந்து நின்ற பிறகுதான் கோட்டை பணிந்தது. பாரிசைச் சுற்றி நிறுத்தியிருந்த படைகளையும் நம்ப முடியாது என்று தளபதிகள் சொன்னதால் மன்னர் அவற்றைத் திருப்பி அனுப்பினார்.

பெட்ரோகிராடில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 1917 பிப்ரவரி 26 ஞாயிற்றுக்கிழமை வோலின்ஸ்கி படைப்பிரிவு கூட்டத்தின் மேல் சுட்டது. பலர் இறந்தார்கள். அன்று இரவு அந்தச் சிப்பாய்கள் தூங்கவில்லை, தாங்கள் செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை இனிச் சுட மாட்டோம் என்று அதே பிரிவு கலகம் செய்தது. மாலைக்குள் கலகம் நகரத்தின் மற்றப் படைகளுக்கும் பரவிவிட்டது. மூன்று நாள் கழித்து ப்ஸ்கோவ் நகரில் நின்ற ரயில் பெட்டியில் ஜார் பதவி விலகலில் கையெழுத்திட்டார். பழைய ரஷ்ய நாட்காட்டி 13 நாள் பிந்தியது என்பதால் நம் கணக்கில் அது மார்ச் 15.

ஈரானில் 1978 செப்டம்பர் 8 அன்று டெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் படைகள் சுட்டன. இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு என்று பின்னாளில் கணக்கிட்டார்கள், அன்று ஊரெங்கும் பரவிய செய்தியோ ஆயிரக்கணக்கானோர் என்றது. அதற்கப்புறம் சமரசம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இலையுதிர் காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அரசின் மூச்சே நின்றது. நவம்பரில் ஷா தொலைக்காட்சியில் தோன்றி, உங்கள் புரட்சியின் குரலைக் கேட்டேன் என்று மக்களிடம் சொன்னார். அதே வாரம் ராணுவத் தளபதி ஒருவரைப் பிரதமராக்கினார். கொடுப்பதும் அடிப்பதும் மாறி மாறி வந்தால் மக்களுக்குப் பயமும் போகிறது, நம்பிக்கையும் போகிறது. லூயியும் நிக்கோலஸும் இதே தவறைத்தான் செய்தார்கள். போராட்டக்காரர்கள் சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் பூக்களைச் செருகினார்கள். கிராமத்துப் பையன்களான அந்தச் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் படையை விட்டுப் போனார்கள். 1979 ஜனவரி 16 அன்று ஷா வெளியேறினார். பிப்ரவரி 11 அன்று ராணுவம் நடுநிலை அறிவித்ததோடு எல்லாம் முடிந்தது.

நேபாளத்தில் 2006 ஏப்ரலில் 19 நாள் போராட்டம். பகல் ஊரடங்கை மீறி லட்சக்கணக்கானோர் காத்மாண்டுவின் சுற்றுச் சாலையில் திரண்டார்கள். அரசு ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். முந்தைய ஆண்டு பிப்ரவரி 1 அன்று ஞானேந்திரா தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்துவிட்டு ஆட்சியை நேரடியாகக் கைப்பற்றியபோதே இந்தியாவும் பிரிட்டனும் ராணுவ உதவியை நிறுத்தியிருந்தன. அந்தக் கூட்டத்தை ரத்தத்தில் மூழ்கடிக்கும் அளவுக்கு ராணுவமும் போகவில்லை. ஏப்ரல் 24 நள்ளிரவில் மன்னர் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கூட்ட ஒப்புக்கொண்டார்.

காலி அரியணை, தயாராக நின்றவர்கள்

இதுவரை ஒற்றுமை. வேறுபாடு இங்கே தொடங்குகிறது.

மன்னரை எதிர்க்கும்போது எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். ஈரானில் மதகுருக்கள், கம்யூனிஸ்டுகள், மொசாதேக்கின் தேசிய முன்னணியினர், வணிகர்கள், மாணவர்கள், தலைமுக்காடு போட்ட பெண்கள், போடாத பெண்கள் எல்லோரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். ஷா போக வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்து. அப்புறம் என்ன என்பதில் ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு நாடு.

ஆனால் அவர்களில் ஒரு தரப்பிடம்தான் நாடு முழுக்க வலைப்பின்னல் இருந்தது. 1975இல் ஷா தன் ஒரே கட்சியைத் தவிர எல்லாவற்றையும் இல்லாமலாக்கினார். சாவாக் என்ற உளவுப் போலீஸ் இடதுசாரிகளையும் தாராளவாதிகளையும் வேட்டையாடியது. மசூதிகளை மூட அவர்களாலும் முடியவில்லை. நாடு கடத்தப்பட்டிருந்த மதகுரு கொமெய்னியின் உரைகள் கேசட்டுகளில் பதிவாகி மசூதி மசூதியாகப் போயின. ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள் துக்கம் கூடுவது வழக்கம். 1978 ஜனவரியில் கொம் நகரில் சுடப்பட்டவர்களின் நாற்பதாம் நாளில் தப்ரீஸில் கூட்டம் கூடியது, அங்கேயும் சாவு, அதற்கு இன்னொரு நாற்பதாம் நாள் என்று போராட்டத்துக்கு ஒரு நாட்காட்டியே அமைந்தது. கட்சி அலுவலகம் இல்லாத நாட்டில் மசூதியே அலுவலகமாக இருந்தது. அதனால் 1979 மார்ச் இறுதியில் நடந்த வாக்கெடுப்பில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இஸ்லாமியக் குடியரசு, ஆமா இல்லையா? வேறு எந்த வகைக் குடியரசும் வாக்குச் சீட்டில் இல்லை. கூட நடந்து வந்த தோழர்கள் சில ஆண்டுகளுக்குள் சிறையிலும் தூக்குமேடையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள்.

ரஷ்யாவில் பிப்ரவரிப் புரட்சி நடந்தபோது கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் சிறிய கட்சி, அவர்கள் தலைவர் லெனின் சுவிட்சர்லாந்தில். ஆட்சி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. தூமா உறுப்பினர்கள் அமைத்த இடைக்கால அரசு ஒரு பக்கம், தொழிலாளரும் சிப்பாய்களும் தேர்ந்தெடுத்த சோவியத் இன்னொரு பக்கம். அதிகாரபூர்வமாக ஆண்டவர்களிடம் படை இல்லை, படை வைத்திருந்தவர்கள் ஆளத் துணியவில்லை. இடைக்கால அரசு போரைத் தொடர்ந்தது, நிலப் பிரச்சினையையும் தேர்தலையும் தள்ளிப்போட்டது. போரை நிறுத்து, நிலம் கொடு, ரொட்டி கொடு என்று விடாமல் சொன்ன கட்டுப்பாடான ஒரு கட்சி எட்டே மாதத்தில் வளர்ந்து நவம்பர் 7 அன்று அதிகாரத்தைப் பிடித்தது. அதன் பிறகு நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்கு வாக்குதான். 1918 ஜனவரியில் அந்தச் சபை ஒரே ஒரு முறை கூடியது. மறுபடி கூட விடவில்லை. ரஷ்ய மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்த சபை அது. அதன் கதி எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பிரான்சின் பாதை நீளமானது. பாஸ்டில் விழுந்த பிறகும் மூன்று ஆண்டுகள் மன்னர் இருந்தார். 1792இல் போர் வந்தது. அரச குடும்பத்துக்குத் தீங்கு நேர்ந்தால் பாரிசையே அழிப்போம் என்று எதிரிப் படைத் தளபதி பிரன்ஸ்விக் மிரட்டினார். மக்கள் ஆகஸ்ட் 10 அன்று அரண்மனையைத் தாக்கினார்கள், செப்டம்பரில் குடியரசு பிறந்தது, 1793 ஜனவரி 21 அன்று லூயியின் தலை விழுந்தது. ஊருக்கு ஊர் கிளை பரப்பியிருந்த, தீவிரப் புரட்சியாளர்களின் யாக்கோபின் சங்கத்தின் கை ஓங்கியது. பயங்கர ஆட்சிக் காலத்தில் தீர்ப்பு வழங்கிக் கொன்றது மட்டும் ஏறத்தாழ 17,000 பேரை. கடைசியில் யாக்கோபின் தலைவர் ரோபெஸ்பியரையும் அதே கில்லட்டின் எடுத்துக்கொண்டது. அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் அழித்து முடித்தபோது நாட்டில் கலையாமல் நின்ற ஒரே பெரிய அமைப்பு ராணுவம். 1799இல் நெப்போலியன் வந்தது அதனால்தான்.

மூன்று நாடுகளிலும் போர் கொடுமையைக் கூட்டியது. பிரான்ஸை அண்டை அரசுகள் சூழ்ந்தன. ரஷ்யாவில் உள்நாட்டுப் போரும் அந்நியப் படைகளும் வந்தன. ஈரான் மேல் 1980 செப்டம்பரில் சதாம் உசேனின் இராக் படையெடுத்தது. எதிரி வாசலில் நிற்கும்போது உள்ளே மாற்றுக் கருத்து சொல்பவன் துரோகி ஆகிவிடுகிறான். கடுமையானவர்கள் மேலே வருகிறார்கள்.

நேபாளத்தில் வரிசை மாறியிருந்தது. அங்கே போர் முதலில் நடந்தது. 1996இல் மாவோயிஸ்டுகள் தொடங்கிய பத்தாண்டு ஆயுதப் போரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள், இரு தரப்பும் களைத்திருந்தது. முக்கியமாக, மன்னர் பணிவதற்கு ஐந்து மாதம் முன்பே, 2005 நவம்பரில், ஏழு கட்சிக் கூட்டணியும் மாவோயிஸ்டுகளும் டெல்லியில் 12 அம்ச உடன்பாடு செய்துகொண்டார்கள். அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல், பல கட்சி ஜனநாயகம் என்று 'அப்புறம் என்ன' என்ற கேள்விக்கு விடை எழுதிவைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினார்கள். அமைப்பு ஒரே தரப்பின் கையில் இல்லை, பலரிடம் இருந்தது. யாராலும் மற்றவரை விழுங்க முடியவில்லை. ஆயுதங்கள் ஐக்கிய நாடுகள் சபையின் கண்காணிப்பில் முகாம்களுக்குள் போயின. 2008 மே 28 அன்று 560 வாக்குக்கு எதிராக 4 வாக்கு மட்டுமே விழ, முடியாட்சி முடிந்தது.

ஞானேந்திரா ஜூன் 11 அன்று செய்தியாளர்களைச் சந்தித்துப் பேசிவிட்டு நாராயணஹிட்டி அரண்மனையை விட்டுக் கிளம்பினார். இன்றும் நேபாளத்தில் ஒரு குடிமகனாக இருக்கிறார். ஜார் நிக்கோலஸையும் மனைவி மக்களையும் 1918 ஜூலையில் யெகாதெரின்பர்க் வீட்டு நிலவறையில் சுட்டுக் கொன்றார்கள். கடைக்குட்டி அலெக்சேய்க்கு 13 வயது. ஷா நாடு நாடாக அலைந்து 1980இல் கெய்ரோவில் புற்றுநோயால் இறந்தார். மன்னரை உயிரோடு விட்டது நேபாளத்தின் மேன்மை என்றே நினைக்கிறேன். விட்டதால் அந்தக் குடியரசு பலவீனப்படவில்லை.

தொடங்கிவைத்த பெண்கள்

பல விளக்கங்களில் ஒரு வரியோடு கடந்துபோகும் விஷயம் இது. 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டு வெர்சாய் வரை நடந்துபோய் மன்னரைக் கையோடு பாரிசுக்கு அழைத்து வந்தவர்கள் சந்தைப் பெண்கள். 1917இல் முதலில் வேலையை நிறுத்தியவர்கள் பெட்ரோகிராட் நெசவாலைப் பெண்கள், அதுவும் சர்வதேச மகளிர் தினத்தில். ஈரான் ஊர்வலங்களிலும் பெண்கள் லட்சக்கணக்கில் நடந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பிரான்சில் 1793இல் பெண்கள் சங்கங்களுக்குத் தடை வந்தது. பெண்களுக்கும் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் து கூஜ் கில்லட்டினுக்குப் போனார். ஈரானில் ஷா போன சில வாரங்களிலேயே பெண்களுக்குப் பாதுகாப்பாக இருந்த குடும்பச் சட்டத்தை நிறுத்திவைத்தார்கள், முக்காடு பற்றிய உத்தரவு வந்தது. 1979 மார்ச் 8 அன்று டெஹ்ரான் பெண்கள் மறுபடி தெருவில் இறங்கினார்கள். கூடவே போராடிய ஆண்களில் பெரும்பாலோர் இந்த முறை வரவில்லை. ரஷ்யப் பெண்களுக்கு 1917இலேயே வாக்குரிமை கிடைத்தது. நேபாளத்தின் 2008 அரசியல் நிர்ணய சபையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரு புரட்சி பழைய ஆட்சியிலிருந்து எவ்வளவு விலகியது என்று அறிய நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

போன மன்னர் திரும்பி வருவாரா?

வந்திருக்கிறார். இங்கிலாந்தில் 1649இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள், 1660இல் அவர் மகனையே அழைத்துவந்து மன்னராக்கினார்கள். பிரான்சில் நெப்போலியனுக்குப் பிறகு லூயியின் தம்பி அரியணை ஏறினார். 1830, 1848 புரட்சிகளைத் தாண்டி 1870இல்தான் அங்கே முடி ஒரேயடியாக மறைந்தது. திரும்பி வந்தவர்களால் பழையபடி ஆள முடியவில்லை. இங்கிலாந்தில் 1689க்குப் பிறகு யார் மன்னர் என்பதையே நாடாளுமன்றம் முடிவுசெய்தது.

நேபாளத்தில் இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிய அரசியல் சட்டம் வரவே 2015 ஆனது. குடியரசு ஆனதிலிருந்து எந்தப் பிரதமரும் முழுதாக ஐந்தாண்டு நீடிக்கவில்லை. வேலை தேடி இளைஞர்கள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். 2025 மார்ச்சில் ஞானேந்திராவை வரவேற்கக் காத்மாண்டு விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஆனால் மன்னராட்சியைத் திரும்பக் கேட்கும் கட்சிக்கு 2022 தேர்தலில் கிடைத்தது 275இல் 14 இடம். அதே 2025 செப்டம்பரில் இளைஞர்களின் கோபம் வெடித்து, நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து, பிரதமர் ஒலி பதவி விலகினார். அரியணை இல்லாத நாட்டில் அதிகாரம் மறுபடி காலியாகக் கிடந்தது. அப்போதும் அவர்கள் அரண்மனைப் பக்கம் போகவில்லை. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார், 2026 மார்ச் 5 அன்று தேர்தல் என்று தேதி குறித்தார்கள்.